கட்டிப்போட்ட படகு கரை திரும்பியது

“படகு எங்க?” என்று நாட்டார் கேட்டார். படகின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார், சார்.

எதிரே கமலவேணி அக்கா நின்றார். அவரும் படகின்மேல்தான் நின்றார். “இதோ இருக்கே மாமா” என்று குதிகாலால் பலகையைத் தட்டினார்.

“இது இருக்கு. இது இருக்கிறது எனக்குத் தெரியாதா? நான் கேக்கிறது, படகு எங்க?”

அவர் கையில் ஒரு போன். தம்பிராசுவின் போன். நீலமாகக் கடல், நடுவில் ஒரு பச்சைப் புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் ‘வான்முகில்’ என்று அக்காவுடைய படகின் பெயர். கரையை விட்டு நல்ல தூரம் போயிருந்தது. நாட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு நகக்கண் அளவு கிழக்கே போனது.

சுற்றிலும் பாதி ஊர் இருந்தது. எல்லாரும் போனை எட்டிப் பார்த்தார்கள். பிறகு காலுக்குக் கீழே இருந்த பலகையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

என்னை ஏன் பார்க்க வேண்டும்? அதைத்தான் உங்களிடம் கேட்கலாம் என்று இருக்கிறேன். இந்தப் பஸ்ஸில் சீர்காழி வரைக்கும் போகிறீர்கள் அல்லவா, நேரம் இருக்கிறது. அந்தப் பையை மட்டும் காலால் தள்ளிவிடாதீர்கள். உள்ளே டெஸ்டர், மீட்டர் எல்லாம் இருக்கிறது. நான் வயர்லெஸ் தங்கவடிவேல். எங்கள் ஊரில் வயர்லெசு என்று கேட்டால் போதும், வீட்டைக் காட்டுவார்கள். காட்டினார்கள், இப்போது எப்படியோ தெரியாது.

நீங்கள் கடற்கரை ஆள் இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது. ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். நாட்டார் என்றால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், பெயர் அய்யாக்கண்ணு. ஆடி மாதம் செல்லியம்மனுக்குக் காப்புக் கட்டுவோம். கட்டிவிட்டால், அம்மன் கடலாடி முடிகிற வரைக்கும் ஒரு படகும் ஊரை விட்டுப் போகாது. கடைசி நாள் சாயங்காலம் அம்மனை ஒரு படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய் வருவோம். அதுதான் கடலாட்டு. எந்தப் படகு என்பது முறை. முறை ஒரு தடவை வந்து போனால் அடுத்த தடவை வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

இந்த வருஷம் முறை வான்முகிலுக்கு. அக்காவின் வீட்டுக்காரர் ஆறுமுகச்சாமி அண்ணன் இதற்காகவே காத்துக்கொண்டிருந்தார். போன மாசியில் மாரடைப்பில் போய்விட்டார். உடனே ஊரில் பேச்சு ஆரம்பித்தது. புருஷன் இல்லாதவள் படகில் அம்மன் ஏறலாமா என்று. பேச்சை ஆரம்பித்தவன் தம்பிராசு. வான்முகிலுக்கு அடுத்த முறை அவன் படகுக்கு.

நாட்டார் அன்றைக்கு நியாயமாகத்தான் சொன்னார். “முறை படகுக்குடா, ஆளுக்கு இல்ல. படகு இருக்குல்ல? அப்ப முறையும் இருக்கு.”

அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கினார்கள்.

இப்போது டப்பா விஷயம். டிரான்ஸ்பாண்டர் என்று பெயர், ஊரில் டப்பா. படகு எங்கே இருக்கிறது என்பதை அது வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வானத்திலிருந்து மீன்வளத்துறை அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து எல்லார் போனுக்கும் வரும். புயல் காலத்தில் உதவும் என்று அரசாங்கம் கொடுத்தது. வாங்கி எல்லாரும் பரண்மேல் போட்டிருந்தார்கள்.

அதற்கு ஊரில் மரியாதை ஏற்படுத்திக் கொடுத்தவன் நான்தான், சார். போன வருஷம் காப்புக்குள் ஒருவன் கடலுக்குப் போய்விட்டு, போகவே இல்லை என்று சாதித்தான். அவன் பங்காளிகள் எல்லாரும் படகு கட்டிக் கிடந்ததைப் பார்த்தேன் என்றார்கள். மாமன் மச்சான்கள் எல்லாரும் அது போனதைப் பார்த்தேன் என்றார்கள். பஞ்சாயத்து அடிதடியில் முடிந்தது. அப்போது நான் எழுந்து சொன்னேன்: “மனுசன் சாட்சியெல்லாம் இனிமே வேணாம். டப்பாவ மாட்டுங்க. போன்ல புள்ளி எங்க காட்டுதோ அங்கதான் படகு. அதுக்கு மாமனும் கிடையாது மச்சானும் கிடையாது.” ஊரே ஒப்புக்கொண்டது. அம்மன் முன்னால் சூடம் ஏற்றி, புள்ளி சொல்வதுதான் சாட்சி என்று அத்தனை பேரும் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் டப்பா மாட்ட வேண்டியதாயிற்று. மாட்ட வேண்டியவன் நான் என்பது வேறு விஷயம்.

மாட்டுவதிலும் சும்மா மாட்டவில்லை. டப்பாவோடு தனியாக ஒரு ஆன்டெனா வரும், வெள்ளையாக, காளான் மாதிரி. அதைக் கேபின் கூரையில் வைக்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறான். ஆனால் படகு ஓட்டுகிறவருக்கு வழி காட்டுகிற ஜி.பி.எஸ். திரைக்கு என்று ஏற்கெனவே ஒரு காளான் அங்கே இருக்கிறது. ஒரு தலைக்கு எதற்கு இரண்டு தொப்பி? இடம் எது என்று திரைக்குத் தெரியும். திரையிலிருந்து ஒரு வயரை இழுத்து டப்பாவுக்குக் கொடுத்தேன். திரை சொல்வதை டப்பா அப்படியே திருப்பிச் சொல்லும். இது புத்தகத்தில் இல்லை, நானே கண்டுபிடித்தது. யாரும் அணைத்துவிட்டுத் திருட்டுத்தனம் செய்யக் கூடாது என்று சுவிட்சு வைக்காமல் நேராகப் பாட்டரியில் கொடுத்தேன். மிச்சமான காளான்களை எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாக இருக்கும்.

வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொருவராக வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அக்கா வெளியூரிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து வான்முகிலில் காளானைத் தனியாக வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து ஊரே வைக்கிறது. ஒரு நன்றி இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் பழையாறு போகிறேன். அங்கே இன்னும் பல படகில் டப்பா மாட்டவில்லையாம்.

வான்முகிலில் நான் மாட்டியது கடலாட்டுக்கு முந்தின நாள் காலையில். காப்புக் காலத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்கும், வயர் வேலைக்கு அதுதான் வசதி. படகை ஏற்கெனவே மஞ்சள்நீர் தெளித்து, முன்னால் வேப்பிலை கட்டி வைத்திருந்தார்கள். அப்படிக் கட்டிய பிறகு செருப்போடு யாரும் ஏற மாட்டார்கள். நான் ஷூவோடு ஏறினேன். அக்கா பார்த்தார். “கரண்டு வேலைக்கா, கழட்டக் கூடாது” என்றேன்.

வேலை முடிந்ததும், “இது வேலை செய்யிதுன்னு எப்புடித் தம்பி தெரியும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கட்டிக் கிடக்கிற படகில் எதைக் காட்டுவது? திரையில் டெமோ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் படகு போகிற மாதிரியே திரையில் போகும். கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக வைத்தது. அதைப் போட்டு, அக்கா கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று வேகத்தைக் குறைத்து, கிழக்கே பார்த்து ஓடவிட்டேன். துறைவாயைத் தாண்டிப் படகு கடலில் இறங்கியது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அக்கா கேபினுக்குள் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். அந்த நேரம் கோயிலில் கஞ்சிக்கு மணி அடித்தார்கள். முதல் பந்தியில் போனால்தான் சுடச்சுடக் கிடைக்கும். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை. அன்று மத்தியானத்துக்குமேல் என்ன கோளாறு வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. யாரோ கை வைத்திருக்க வேண்டும். தம்பிராசுவின் பார்வையே சரியில்லை.

அவன்தான் முதலில் பார்த்தான். பத்து பேருக்குக் காட்டிவிட்டுத்தான் நாட்டாரிடம் போயிருக்கிறான். சாயங்காலம் படகின்மேலேயே பஞ்சாயத்துக் கூடியது. நாட்டார் செருப்போடு ஏறினார். அக்கா அவர் காலைப் பார்த்தார்.

“படகுதான் இல்லையேம்மா” என்றார் நாட்டார்.

அவர் ஏறியதைப் பார்த்து மற்றவர்களும் செருப்போடு ஏறினார்கள். அதற்குப் பிறகுதான் நான் சொன்னேனே, படகு எங்க என்று கேட்டது.

“மாமா, நீங்க உக்காந்திருக்கிறது என் படகு” என்றார் அக்கா. “கயிறு பாருங்க. வேப்பிலை பாருங்க. தொட்டுப் பாருங்க.”

“தொட்டுப் பாத்தாத் தெரியுதும்மா. இதுல தெரியலயே. நாம எத அடிச்சிச் சத்தியம் பண்ணிருக்கோம்? தொட்டுப் பாக்கிறதையா, இதையா?”

சூடத்தை அடித்தவர்கள்தான் எல்லாரும்.

தம்பிராசு சொன்னான்: “காப்புக்குள்ள கடலுக்குப் போன படகு. அது அம்மன ஏத்தலாமா? அதச் சொல்லட்டும்.”

படகு ஓட்டுகிற குப்புராசு அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் இங்க நிக்கிறேன். ஆளுங்க அத்தன பேரும் இங்க நிக்கிறாங்க. யாருடா ஓட்டிட்டுப் போனது, உங்கப்பனா?”

“அதான் கேக்கிறேன். நீ இங்க நிக்கிற, படகு அங்க போவுது. நீ என்னா டிரைவரு?”

நாட்டார் கையை உயர்த்தினார். அவர் நல்ல மூளைக்காரர், சார், அதை ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், கொஞ்ச நேரம் போனைப் பார்த்தார். “கயிறு அறுத்துக்கிட்டுத் தானா போன படகுக்கு நம்ம ஊருல என்னா சட்டம்?” என்று கேட்டார்.

வயசான பஞ்சாயத்தார் ஒருவர் சொன்னார்: “ஆளு ஏறாம, காத்துல தானாப் போன படகு காப்பு மீறினதா ஆவாது. ஆனா அம்மன் கோயில விட்டுப் பொறப்படுறதுக்குள்ள வந்து சேந்துடணும்.”

“அதான். நாளைக்குச் சாயங்காலம் அம்மன் பொறப்படுற வரைக்கும் தவணை. வந்துட்டா வான்முகிலு. வரலன்னா தம்பிராசு படகு.”

“கயிறு அறுந்திருக்கணுமே மச்சான்” என்றான் தம்பிராசு.

எல்லாரும் எழுந்து போய்க் கயிற்றைப் பார்த்தார்கள். புதுக் கயிறு. காப்புக்காக வாங்கியது. மணிக்கட்டுத் தடிமன். நாட்டாருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவன், அறுத்துவிட்டால் சட்டத்துக்குச் சரியாக இருக்கும் என்றான். ஒருவன் அரிவாளை எடுத்துக்கொண்டே வந்துவிட்டான்.

அக்கா கயிற்றுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். “அறுத்தா நெசமாவே போயிடும்டா.”

“அவுந்து போச்சுன்னு வெச்சிக்குவோம்” என்றார் நாட்டார். “அவுந்து, திரும்பவும் தானா கட்டிக்கிச்சு.”

அதோடு பஞ்சாயத்துக் கலைந்தது. மறுநாள் காலையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா ஆள் அனுப்பினார். போனேன். படகின் முன்பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து யாரோ.

“உங்க படகு எல்லைக்குக் கிட்டப் போயிட்டிருக்கு. இன்னும் கொஞ்சம் போனா இலங்கைக்காரன் புடிச்சிருவான். உடனே திருப்பச் சொல்லுங்க.” சத்தம் வெளியே கேட்டது.

“சார், நான் படகுமேல நின்னுதான் பேசறேன். படகு கட்டிக் கெடக்கு.”

“நீங்க படகுலதான் இருக்கீங்களா?”

“ஆமா சார்.”

“அப்ப நீங்களே உடனே திருப்புங்கம்மா!”

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். “தம்பி, இத அணைச்சிடேன்.”

“அணைக்கக் கூடாதுக்கா. அணைச்சா புள்ளி சிவப்பாயி அதே எடத்துல நின்னுடும். முழுகிடுச்சின்னு அர்த்தம்.”

பக்கத்துப் படகிலிருந்து தம்பிராசு, “முழுகினாத் தீட்டு. கடலாட்டே கெடையாது” என்றான். எப்போதும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருப்பான்.

கேபினுக்குள் போனேன். திரையில் படகு கிழக்கே போய்க்கொண்டுதான் இருந்தது. மூலையில் டெமோ என்று மின்னிக்கொண்டிருந்தது. கருவி தானாகவே அந்த நிலைமைக்குப் போயிருக்கிறது, பாருங்கள். அப்படியும் ஆகும், உப்புக் காற்று. ஒரு பட்டனை அழுத்தி அதை எடுத்துவிட்டால் புள்ளி அடுத்த நொடியில் கரைக்கு வந்துவிடும். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“நீ நேத்து ஓடவிட்டுக் காட்டுனியே, அது மாதிரியே ஓடுதே தம்பி.”

“அது வேறக்கா” என்றேன். தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

“பொறப்பாட்டுக்கு முன்னாடி கொண்டாந்துடு” என்று மட்டும் அக்கா சொன்னார். “அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு, எப்ப வரும் நம்ம முறைன்னு.”

பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நாட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை என்று கோயிலுக்குப் போனேன். அவர் தேங்காய்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரமாகக் கூட்டிப்போய், ஒரே நொடியில் கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன்.

“ஒரு நொடியிலயா? எல்லையிலேருந்தா?”

“ஆமா நாட்டாரே.”

அவர் தேங்காயைக் கீழே வைத்தார். “டேய், ஒரு நொடியில வந்தா என்னா அர்த்தம்? அது போவவே இல்லன்னு அர்த்தம். போவாத படகுக்கா நேத்துப் பஞ்சாயத்து வெச்சேன்? அப்ப அந்தப் புள்ளி பொய்யி. புள்ளி பொய்யின்னா போன வருசம் அடிச்ச சத்தியம் பொய்யி. அம்மன் முன்னாடி ஊரையே பொய்ச் சத்தியம் பண்ண வெச்சிருக்கேன். அப்புடித்தான?”

யோசனை யாருடையது என்று அவர் சொல்லாமல் விட்டதே பெரிய விஷயம்.

“எப்புடிப் போச்சோ அப்புடியே வரணும்” என்றார். “ஒழுங்கா, கடல் வழியா, படகு மாதிரி வரணும். போ.”

அப்படித்தான், சார், கட்டிக் கிடந்த படகின் கேபினில் உட்கார்ந்து நான் அதை எல்லையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். டெமோவில் ஒரு குமிழ் உண்டு. இடது பக்கம் திருகினால் படகு இடது பக்கம் திரும்பும். முதலில் தலையைத் திருப்பினேன். வேகத்தைக் கூட்டினேன். கூட்டியதும் குப்புராசு அண்ணன் உள்ளே பாய்ந்து வந்தார்.

“என்னா வேகம் வெச்சிருக்க? இந்த எஞ்சின் தாங்குமாடா? போன மாசந்தான் வேலை பாத்தேன்.”

“அண்ணே, எஞ்சின் ஓடலண்ணே.”

“ஓடலன்னா? படகு வருதுல்ல? எறக்கு.”

இறக்கினேன். அவர் சரி என்று தலையாட்டுகிற வேகத்தில் வைத்தேன். பிறகு அவர் நகரவே இல்லை. என் பக்கத்தில் நின்றுகொண்டு, இங்கே கல் இருக்கிறது சுற்றிப் போ, அங்கே நீரோட்டம் தள்ளும் கொஞ்சம் வடக்கே பிடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். நீரோட்டம் தள்ளவில்லை. ஆனாலும் பிடித்தேன். நான் கொஞ்சம் அசந்து ஒரு பாறையின் மேலேயே ஓட்டிவிட்டேன். “போச்சு போச்சு போச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டு, எஞ்சின் அறைக்குள் இறங்கி அடிப்பலகையில் தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். கசியவில்லை.

வெளியே கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தம்பிராசு ஐஸ் உடைக்கிற திண்டின்மேல் ஏறி நின்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தான். “எல்லைய விட்டு இந்தப் பக்கம் வந்தாச்சு. ஏதாச்சும் மீன் பட்டுச்சான்னு கேளுங்கடா.” எல்லாரும் சிரித்தார்கள். நேரம் ஆக ஆகச் சிரிப்புக் குறைந்தது. அவன் குரலும் மாறிவிட்டது. “ஆழத்த விட்டு ஏறிடுச்சு. கொஞ்சம் தெக்க ஒதுங்குது. ஒதுங்குதுடா. தெக்க ஒதுங்குது, அவன்கிட்டச் சொல்லுங்க!” குப்புராசு அண்ணன் என் மண்டையில் தட்டினார். குமிழைத் திருகினேன். “ஆங், நேரா வருது” என்றான் தம்பிராசு.

பொழுது சாய்ந்தது. கோயிலில் மேளம் ஆரம்பித்துவிட்டது. அம்மனை அலங்காரம் செய்து வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பூசாரி ஆள்மேல் ஆள் அனுப்பினார். வருகிற ஆள் எல்லாம் நேராகப் படகின்மேல் வந்து நின்று, “படகு வந்துடுச்சா?” என்று எங்களையே கேட்டான். “இன்னும் வரல” என்று குப்புராசு அண்ணன் பதில் சொன்னார். கேட்டவன் படகிலிருந்து குதித்துக் கோயிலுக்கு ஓடினான்.

“பூசாரி அம்மனத் தூக்கிடுவேங்கிறாரு” என்று ஒருவன் வந்து சொன்னான். “நேரம் தவறுதாம்.”

“கொஞ்சம் வேகமா வெக்கலாமாண்ணே?” என்று கேட்டேன்.

குப்புராசு அண்ணன் எஞ்சின் இருக்கிற பக்கம் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “வெய்யி. சூடானா நான் பாத்துக்கிறேன்.”

துறைவாய்க்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கல் போட்ட சுவர், நடுவில் குறுகலான வழி. மணல் சேர்ந்து கிடக்கும். எங்கள் ஊரில் பழகிய டிரைவர்களே அங்கே பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது, கழுத்து வலி. சாப்பிடக்கூட இல்லை.

“குடு தம்பி” என்றார் அக்கா. “நான் கொண்டாறேன்.”

நான் குப்புராசு அண்ணனைப் பார்த்தேன். பெண்கள் படகு ஓட்டுவது எங்கள் ஊரில் கிடையாது. அவர் கேபினை விட்டு வெளியேறி, முன்பக்கம் போய், கடலைப் பார்த்து நின்றார். நான் எழுந்தேன். அக்கா உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குமிழைப் பிடித்தார். குமிழைத் திருகுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, சார். யார் வேண்டுமானாலும் செய்யலாம். வேகத்தை நன்றாகக் குறைத்தார். அது அவசியமே இல்லை.

“வடசுவத்த ஒட்டி வா” என்று முன்னாலிருந்து குப்புராசு அண்ணன் கத்தினார். அவர் முன்னால் வெறும் தண்ணீர்தான் இருந்தது. பக்கத்துப் படகு, அதற்கடுத்த படகு எல்லாம் கட்டிக் கிடந்தன. “அப்புடியே வா. அப்புடியே வா. அடக்கு.”

அக்கா அடக்கினார். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மேளம் மட்டும் தூரத்தில் கேட்டது. கோயிலுக்குச் சொல்லப் போகிறவன் ஒற்றைக்காலில் நின்றான்.

திரையில் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் புள்ளி நுழைந்தது. சுவரில் உரசாமல், மணலில் ஏறாமல் வந்தது. படகுத்துறை வரிசையில் திரும்பியது. நான் அக்காவின் தோளுக்கு மேலே கையை நீட்டி, சரியான நேரம் பார்த்து, டெமோ பட்டனை அழுத்திவிட்டேன். புள்ளி ஒரு முடியளவு நகர்ந்து நின்றது. யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு அழுத்தில் இருக்கிற நிதானம் எத்தனை பேருக்கு வரும்? அக்கா குமிழிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“வந்துருச்சு!” என்று கத்தியது தம்பிராசுதான். கத்திவிட்டுப் போனைப் பார்த்தான், படகைப் பார்த்தான். திண்டைவிட்டு மெதுவாக இறங்கினான். செய்தி சொல்லுகிறவன் அதற்குள் பாதித் தெருவைத் தாண்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. அம்மன் புறப்பட்டுவிட்டாள்.

என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பூமாலை வந்தது, குலைவாழை வந்தது. நான் கேபின் தரையில் முட்டி போட்டு டெஸ்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கேயோ உருண்டுவிட்டிருந்தது. “ஓரமாப் போ வயர்லெசு” என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை. அங்கிருந்து பார்த்தால் கரையின் விளிம்பு தெரியும்.

அம்மனுக்கு முன்னால் நாட்டார் வந்தார். கையில் கற்பூரத் தட்டு. விளிம்புக்கு வந்ததும் தட்டைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். குப்புராசு அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது செருப்பை, பிறகு இடது செருப்பைக் கழற்றிக் கல்லின்மேல் விட்டார். தட்டை வாங்கிக்கொண்டு படகில் கால் வைத்தார்.